2038: கணினிக் கடிகாரமும் திருச்சியின் இடர்க் கணக்கும்

ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழக்கத்தால் எழுந்த ‘ஒய்-டூ-கே’ சிக்கல், 2000 சனவரி 1 அன்று இந்தியாவில் பெரிய முடக்கமின்றிக் கடந்தது. உலகெங்கும் அதற்கு 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என்பது அக்கால மதிப்பீடு. குறைவாகச் செலவிட்ட இத்தாலியும் தப்பித்ததே என்று கூறி, அந்த அச்சமே மிகை என வாதிடுவோர் இன்றும் உண்டு. 2000-த்தைப் பற்றி அவர்கள் சொல்வது ஓரளவு சரியாகவே இருக்கட்டும். அதை 2038-க்கும் நீட்டுவதைத்தான் ஏற்க இயலாது.

பல கணினிகள் 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளில் 2,14,74,83,647-ஆவது நொடியோடு இடம் தீர்ந்துவிடும். இந்திய நேரப்படி அது 2038 சனவரி 19, காலை 8.44. அடுத்த நொடியில் கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

1999-இல் திருச்சிராப்பள்ளியின் பணப்புழக்கம் பெரும்பாலும் காகிதத்தில் இருந்தது. வங்கிக் கிளைகளில் லெட்ஜர் இருந்தது. காந்தி மார்க்கெட்டில் ரொக்கமும் சிட்டையும் போதுமானவையாக இருந்தன. கணினி நின்றிருந்தாலும் பேனாவை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இன்று ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுபவர்கூட யுபிஐ அட்டையை மாட்டி வைத்திருக்கிறார். திரும்பிப் போவதற்கான பழைய வழி தூர்ந்துவிட்டது. என் பார்வையில், பிழைகளின் எண்ணிக்கையைவிட இந்த இழப்புக்கே இடர்க் கணக்கில் கூடுதல் எடை தரவேண்டும்.

இன்னொன்று, எல்லாம் ஒரே கணத்தில் நிகழ்வது. 1836-இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பெருஞ்சேதம்தான். ஆனால் உடைந்தது ஓரிடம். பொறியாளர்களையும் மணல் மூட்டைகளையும் அங்கே குவிக்க முடிந்தது. 2038-இல் எல்லா ஊர்களும் ஒரே காலையில் அதே வல்லுநர்களைத் தேடும்.

வீட்டுக்கடனை நினைத்து அஞ்சவேண்டியதில்லை. 2018-இல் கொடுத்த இருபதாண்டுக் கடனின் தவணை அட்டவணை அந்த நாளைத் தொட்டுவிட்டது. அதில் பிழை இருந்தால் முன்பே தலைகாட்டியிருக்கும். லினக்ஸ் கருநிரலும் 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து 32 பிட் கருவிகளிலும் இந்நாளைத் தாண்டும் வகையில் திருத்தப்பட்டிருக்கிறது. எதிர்காலத் தேதியைக் கணக்கிடவே தேவையில்லாத கருவிகள்தாம் கவலைக்குரியவை. பம்பு, வால்வு, கொதிகலன் ஆகியவற்றோடு பிணைந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் அத்தகைய பிழை இருந்தால், அந்த நொடிவரை எந்த அறிகுறியும் தெரியாது. திருவெறும்பூரில் ‘பெல்’ நிறுவனம் செய்யும் கொதிகலன் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைக்கக்கூடியது. அனல்மின் நிலையங்களுக்கான கட்டுப்பாட்டு மின்னணுவியலோ அந்நிறுவனத்தின் பெங்களூரு பிரிவின் பொறுப்பு. இப்படிப் பிரிந்து கிடக்கும்போது, முழு அமைப்பின் காலக்கணக்கைச் சோதிப்பது யார் கடமை என்பதை ஒப்பந்தத்தில் எழுதினாலன்றி அது எவர் கையிலும் தங்காது.

திருச்சி மாநகருக்குக் குடிநீர் தரும் காவிரி, கொள்ளிடப் படுகையின் நீரேற்று நிலையங்களுக்கும் இது பொருந்தும். 2026-இல் வாங்கும் கருவி பதினைந்து ஆண்டு உழைத்தால் அந்த நாளைக் கடந்தாகவேண்டும். கடிகாரத்தை 2038 பிப்ரவரிக்குத் தள்ளி இயக்கிக் காட்டிய பிறகே பணம் தரப்படும் என்ற நிபந்தனையை இன்றைய ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் சோதனைக்கானதுதான். தவறவிட்டால், எல்லா ஊர்களும் மாற்றுக் கருவிக்கு அலையும் வாரத்தில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கவேண்டிவரும்.