ஜார்ஜியா பீச்சுக்கு முன்னால்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒன்றான ஜார்ஜியாவுக்குப் 'பீச் மாநிலம்' என்று பெயர். கார்களின் நம்பர் பிளேட்டில் பீச் பழத்தின் படம் இருக்கும். அட்லாண்டாவில் தடுக்கி விழுந்தால் பீச்ட்ரீ என்று ஒரு தெரு வரும். 1924ல் பிரிக்கப்பட்ட ஒரு மாவட்டத்துக்குப் பீச் கவுண்டி என்றே பெயர் வைத்தார்கள். 1995ல் பீச்சை மாநிலத்தின் அதிகாரபூர்வப் பழமாகச் சட்டமன்றம் அறிவித்தது. இந்தப் பெருமைக்கு அங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கதை 1870களில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரில் நொடித்துப்போய், பருத்தியை மட்டுமே நம்பிக் கிடந்த மண்ணில் மார்ஷல்வில் என்ற சிற்றூரைச் சேர்ந்த சாமுவேல் ரம்ப் ஒரு புதிய ரகத்தை வளர்த்தெடுத்தார். அதற்குத் தன் மனைவியின் பெயரிலிருந்து எல்பெர்ட்டா என்று பெயரிட்டார். சதை கெட்டியான பழம் அது. பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டியில் ஏற்றினால் நியூயார்க் வரை நசுங்காமல் போய்ச் சேரும். அதன்பிறகு மாநிலம் நிமிர்ந்தது என்பார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கதையின் முதல் முந்நூறு ஆண்டுகளைக் காணவில்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் பீச்சைப் பரப்பியவர்களும், அதைத் தின்று குளிர்காலத்தைக் கடத்தியவர்களும், அதைக்கொண்டு மருந்து செய்தவர்களும் பூர்வகுடி மக்கள். ஜார்ஜியா உருவாக்கியது பீச்சுக்கான சந்தையைத்தான். அந்தச் சந்தை எழுந்த நிலத்திலிருந்து பூர்வகுடிகளை ஏற்கெனவே துரத்தியாகிவிட்டது.

பீச் அமெரிக்காவின் சொந்த மரமில்லை. அதன் தாயகம் சீனா; அங்கே செஜியாங் மாகாணத்தில் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையான பீச் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. மேற்கே பாரசீகம் வழியாக ரோமாபுரிக்குப் போனதால் ஐரோப்பா அதைப் பாரசீகப் பழம் என்றே நம்பியது. வட இந்தியாவுக்குப் பீச்சையும் பேரியையும் கொண்டுவந்தவர்கள் கனிஷ்கர் காலத்தில் பிணையாக வைக்கப்பட்டிருந்த சீனர்கள் என்று யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். பீச் அட்லாண்டிக்கைத் தாண்டியது 16ஆம் நூற்றாண்டில், ஸ்பானியர்களின் கப்பலில். இதுவரை சர்ச்சை இல்லை. கப்பலிலிருந்து இறங்கிய கொட்டை ஒரு கண்டத்தின் பாதிக்குப் பரவியது யாரால் என்பதில்தான் சர்ச்சை.

சான்றுகளைப் பார்க்கலாம். ஸ்பானியர்கள் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை நிறுவியது 1565ல். ஜார்ஜியாவின் உட்பகுதியில், ஒக்கோனி ஆற்றுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடி ஊர்களில் கிடைத்த பீச் கொட்டைகளின் காலம் அதற்கும் முந்தையதாக இருக்கலாம் என்று 2024ல் வெளியான ஒரு தொல்லியல் ஆய்வு காட்டியது. வெள்ளைக்காரர் குடியேறாத உள்நாட்டில், அவர்கள் கடற்கரையில் கால் ஊன்றிய தலைமுறைக்குள்ளேயே பீச் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது இதன் பொருள். வடக்கே பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், அங்கே கால் வைத்த மறு ஆண்டே, 1683ல், பீச் இல்லாத இந்தியத் தோட்டம் ஒன்றுகூட இல்லை என்ற பொருள்பட இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஆட்கள் நட்ட கன்று ஓராண்டில் அப்படிக் காய்த்திருக்க முடியாது. மிசிசிப்பி ஆற்றோரம் வாழ்ந்த நாச்செஸ் மக்களின் நாட்காட்டியை லெ பாஜ் டு பிராட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்திருக்கிறார். அதில் நம் ஜூலைக்கு நேரான ஐந்தாம் மாதம் பீச் மாதம். அதற்கு முந்தைய மாதம் தர்பூசணி மாதம். தர்பூசணியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். ஒரு சமூகம் தன் மாதத்துக்கே வந்தேறிப் பழத்தின் பெயரைச் சூட்டுகிறது என்றால் அது எப்போதோ எடுத்துத் தின்ற காட்டுக்காயாக இருக்க முடியாது.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. பீச் மரத்துக்கு யாருடைய தயவும் வேண்டாம். கொட்டையைத் துப்பினால் முளைக்கும், மூன்றாண்டில் காய்க்கும். கரோலினாவைச் சுற்றிப் பார்த்து 1709ல் புத்தகம் எழுதிய ஜான் லாசன், களைபோலப் பிடுங்கி எறியாவிட்டால் நிலம் முழுவதும் பீச் காடாகிவிடும் என்று அலுத்துக்கொள்கிறார். தானாகப் பரவிய ஒன்றுக்குப் பூர்வகுடிகளை உழவர்கள் என்று கொண்டாடுவானேன் என்று கேட்கலாம். ஆனால் பீச்சின் கொட்டை கனமானது; சிறு பறவை அலகில் தூக்கிப்போய் நூறு மைல் தாண்டிப் போடாது. மனிதர்கள் கொடுத்து வாங்கிய பாதைகளில்தான் அது அத்தனை தூரம் போயிருக்க வேண்டும். அடுத்து, பீச் வெயில் கேட்கும் மரம். கிழக்கு அமெரிக்காவின் அடர்ந்த காட்டு நிழலில் அதன் நாற்று தேறாது. லாசன் கண்ட முளைப்பெல்லாம் திறந்த நிலத்தில் வந்தவை. அந்த நிலத்தைத் தீ வைத்தும் கொத்தியும் திறந்து வைத்தவர்கள் பூர்வகுடிகள். அதோடு பீச்சுக்கு ஆயுள் குறைவு. பதினைந்து, இருபது ஆண்டில் ஓய்ந்துவிடும். ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோப்பு நிற்கிறது என்றால் யாரோ பழைய மரத்தைக் கழித்துப் புதியதை விட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். எளிதில் முளைப்பது பீச்சின் குணம். அது தோப்பாக நின்றது மனிதர்களின் வேலை. இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது. பீச் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்பதால் கொட்டையிலிருந்து வரும் கன்று, ஆப்பிளைப்போலத் தாயை விட்டு வெகுதூரம் விலகாது. ஒட்டுக் கட்டத் தெரியாதவர்களும் நல்ல மரத்தின் கொட்டையைப் பார்த்து எடுத்து வைத்து நல்ல தோப்பு போட முடிந்தது.

அந்தத் தோப்பு அவர்கள் வீட்டில் என்னவாக இருந்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பழத்தை அவர்கள் பக்குவப்படுத்திய முறையைப் பார்க்க வேண்டும். ஈரமும் இனிப்பும் மிகுந்த பழம் நாலு நாளில் அழுகிவிடும். அதை ஆறு மாதம் காப்பாற்றுவதில் இருக்கிறது சாமர்த்தியம். அரிசோனாவின் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் நவாஹோ மக்கள் பழத்தைப் பிளந்து, கொட்டையை நீக்கி, வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி பாறைத் திட்டுகளில் பரப்புவார்கள். வறண்ட காற்றும் சுட்ட பாறையும் சேர்ந்து தோல்போலச் சுருங்க வைக்கும். அதைச் சேமித்து வைத்துக் குளிர்காலத்தில் வேகவைத்துத் தின்பார்கள். மிஞ்சியதைப் பள்ளத்தாக்குக்கு வெளியே ஆடு மேய்ப்பவர்களிடம் கொடுத்து இறைச்சி வாங்குவார்கள். கரோலினாப் பக்கம் பழத்தைக் கூழாக்கிக் காயவைத்து அடையாகத் தட்டி ரொட்டிபோல வைத்துக்கொண்டார்கள். மாம்பழக் கூழை அடுக்கடுக்காகக் காயவைத்துத் தின்று பழகிய நமக்கு இது புரியாத சங்கதியல்ல. சோளமும் பீன்ஸும் பரங்கியுமாக ஓடிய குளிர்காலச் சாப்பாட்டுக்கு இனிப்பும் நார்ச்சத்தும், மஞ்சள் சதைப் பழமாக இருந்தால் கண்ணுக்கு உதவும் கரோட்டினும் இதிலிருந்து வந்தன. செரோக்கி மக்களின் மருத்துவத்தில் காய்ச்சலுக்கு இலைக் கஷாயமும், பூச்சி விழ வறுத்த பருப்பும், வாந்திக்கு மரப்பட்டையும் பயன்பட்டன. பீச்சின் பருப்பிலும் இலையிலும் உள்ள சேர்மங்கள் உடைந்தால் சயனைடு வெளிப்படும். ஆகவே இன்று யாரும் பருப்பை மென்று வைத்தியம் பார்க்க வேண்டாம். சீன மருத்துவமும் அதே பருப்பைப் பக்குவம் செய்து அளவு பார்த்தே கொடுக்கிறது.

பூர்வகுடிகளின் வாழ்வில் பீச்சுக்கு என்ன இடம் என்பதைப் பிற்காலத்து ஆய்வாளர்களைவிட அமெரிக்க ராணுவம் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது. விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்ற இராக்வாய் மக்களின் ஊர்களை அடியோடு அழித்து, நிற்கும் பயிரை நாசம் செய்து, மறுபடி விதைக்க விடாமல் தடுக்கும்படி 1779 மே மாதம் ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி சல்லிவனுக்கு உத்தரவிட்டார். செப்டம்பரில் கயூகா ஏரிக் கரையில் சோனோடோட்டே என்ற ஊரை அடைந்த படை அங்கே கண்டது சுமார் 1,500 பீச் மரங்கள். அவற்றை அழித்துவிட்டு நகர்ந்தது. பகைவன் ஊரைக் கொளுத்துவது எந்தப் படையும் செய்வதுதானே, பீச்சில் என்ன விசேஷம் என்று கேட்பவர்களுக்கு 1864 பதில் சொல்லும். அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தின் கிட் கார்சன் தலைமையிலான படை கேன்யன் டி ஷேக்குள் புகுந்தது. பட்டினியால் நவாஹோக்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். வசந்தத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் நியூ மெக்ஸிகோவின் பாஸ்கே ரெடோண்டோ முகாமை நோக்கி, ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடத்தப்பட்டுவிட்டார்கள். சண்டை ஏறக்குறைய முடிந்த அந்த ஆண்டுக் கோடையில் கேப்டன் ஜான் தாம்ப்சன் கோடாரிகளோடு பள்ளத்தாக்குக்குத் திரும்பி, ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தார். சோளத்தை எரித்தால் ஓராண்டுப் பசி. அடுத்த மழைக்கு விதைத்துக்கொள்ளலாம். மரத்தை வெட்டினால் திரும்பி வருபவன் மூன்று, நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். எதிரி படையைப் பசியில் தள்ளுவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் ஆளில்லாத தோப்பில் வேலையே இல்லை. இனி இங்கே திரும்பி வராதே என்பதே அந்தக் கோடாரியின் செய்தி.

இதற்குப் பின்னால் ஒரு சட்டவாதமும் இருந்தது. நிலத்தை உழுது பண்படுத்துபவனுக்கே அது உரியது, அலைந்து வேட்டையாடுபவர்கள் பரந்த நிலத்தைத் தமது என்று சொல்ல முடியாது என்பது ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு வசதியான கோட்பாடு. 1758ல் வெளியான வாட்டெலின் நாடுகளின் சட்டம் பற்றிய நூல் இதை விரிவாகவே பேசியது. வரிசையாக நிற்கும் பழத்தோப்பு அந்த வாதத்துக்கு நேர் எதிர்ச்சாட்சி. தோப்பு வைத்திருப்பவனை நாடோடி என்று எப்படிச் சொல்வது? 1830களில் செரோக்கி மக்களை ஜார்ஜியாவிலிருந்து வெளியேற்றும் முன் அரசே அந்தச் சாட்சியத்தைத் தன் கைப்பட எழுதிக்கொண்டது. நஷ்டஈடு கணக்கிட 1836ல் வீடு வீடாகப் போன மதிப்பீட்டாளர்கள், குடிசை, தானியக் கிடங்கு, வேலி ஆகியவற்றோடு பீச் மரங்களையும் எண்ணி விலை போட்டார்கள். செரோக்கித் தலைவர் மேஜர் ரிட்ஜின் தோப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பீச் மரங்கள் நின்றன. அவர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்த பண்ணையார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தோப்பில் சிந்தப்பட்ட வியர்வை எல்லாம் செரோக்கிகளுடையது அல்ல. இரண்டாண்டு கழித்து, 1838ல், அந்த மக்கள் மேற்கே ஓட்டப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ நாலாயிரம் பேர் இறந்தார்கள். ரம்பின் மார்ஷல்வில்லும் பீச் கவுண்டியின் தலைநகரான ஃபோர்ட் வேலியும் இருப்பது வேறு நிலத்தில்: மஸ்கோகி மக்கள் 1821ல் இந்தியன் ஸ்பிரிங்ஸ் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்த, பிளின்ட் ஆற்றுக்கும் ஓக்மல்கி ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில்.

கடைசி மறுப்பு பழத்தின் தரத்தைப் பற்றியது. பூர்வகுடிகளின் கொட்டைப் பீச் சிறியது, கரடுமுரடானது. குடியேறிகளே அதைப் பன்றிக்குப் போட்டார்கள், சாராயம் காய்ச்சினார்கள். உண்ணத்தக்க பழத்தை உலகுக்குத் தந்தது ஜார்ஜியாதான் என்பார்கள். வர்ஜீனியாவில் பன்றிகளுக்கென்றே பீச் தோப்பு போட்டவர்கள் இருந்ததாக ராபர்ட் பெவர்லி 1705லேயே எழுதியிருப்பது உண்மை. ஆனால் அது பழத்தின் இழிவைவிட மலிவைத்தான் காட்டுகிறது. எதற்கான தரம் என்று கேட்காமல் தரத்தை அளக்க முடியாது. ரயிலில் மூன்று நாள் போவதற்கு எல்பெர்ட்டா உயர்ந்தது. பாசனமில்லாத மண்ணில் பிழைத்து, வெயிலில் காய்ந்து, பிப்ரவரி வரை பானையில் கிடப்பதற்கு நவாஹோ பீச் உயர்ந்தது. எல்பெர்ட்டாவின் வெற்றிக்கு ஒட்டு, பெட்டி, பனிக்கட்டி ஆகியவற்றோடு மலிவான கூலியும் வேண்டியிருந்தது. பருத்திக்குக் களை எடுத்து முடித்ததற்கும் பஞ்சு பறிப்பதற்கும் இடையே கோடையில் வேலையின்றி நின்ற கறுப்பினத் தொழிலாளிகள்தான் பழம் பறித்தார்கள். 1928ல் ஜார்ஜியாவின் விளைச்சல் ஏறத்தாழ 80 லட்சம் புஷெல் என்ற உச்சத்தைத் தொட்டபோது அஞ்சலட்டைகளில் இருந்தது பீச் பூவும் வெள்ளைக்காரப் பெண்ணும்தான்.

எல்பெர்ட்டாவின் தாய், 1850ல் ஷாங்காயிலிருந்து வந்த சைனீஸ் கிளிங் என்ற ரகம். இன்று அமெரிக்கச் சந்தையில் உள்ள பீச் ரகங்களில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைப் பின்னால் தேடிப்போனால் அந்த ஒரு மரமும் எல்பெர்ட்டாவும் இன்னும் சில உறவுகளும்தான் வந்து நிற்கும். அவ்வளவு குறுகிய அடித்தளம். 2023ல் குளிர்காலம் போதுமான குளிர் இல்லாமல் கழிந்து, முன்கூட்டியே பூத்த பூக்களை மார்ச் உறைபனி கருக்கியபோது ஜார்ஜியா தன் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்தது. தலைமுறை தலைமுறையாகக் கொட்டையிலிருந்தே வளர்ந்து, ஊருக்கு ஊர் வேறுபட்டுப்போன தோப்புகளை இதே நாடுதான் முன்பு கோடாரியால் வெட்டியது. ஊர் திரும்ப வழிவிட்ட 1868 ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்த நவாஹோக்கள் மீந்த மரங்களைக்கொண்டு மறுபடி நட்டார்கள். அவர்களிடமும் அண்டையிலுள்ள ஹோபி மக்களிடமும் எஞ்சியிருக்கும் மரங்களின் கொட்டைகளைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் இப்போது தேடிச் சேகரிக்கிறார்கள். வறட்சியை அவை எப்படித் தாங்குகின்றன என்பது அவர்களுடைய ஆராய்ச்சிக் கேள்விகளில் ஒன்று.