பூண்டிக் கரையில் ஒரு பாடம்

சென்னைக் குடிநீரின் கதையை மாணவர்களுக்கு ஏழுகிணற்றிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். 1772இல் கோட்டைக்கு நீர் தந்தவை அந்தக் கிணறுகள். ஒரு நூற்றாண்டு கழித்து, ஃபிரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி 1872இல் புழல் ஏரி நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. வடிகட்டாத நீர்தான். 1914இல் மேட்லி என்ற பொறியாளரின் மணல் வடிப்பான்கள் வந்த பிறகே நகரம் தெளிந்த நீர் குடித்தது.

நகரம் பெருக, புழலும் சோழவரமும் போதவில்லை. அப்போது மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டுமென்று ஆங்கில அரசிடம் வாதாடி ஒப்புதல் பெற்றார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உலகப் போர்க் காலத்திலும் வேலை நிற்கவில்லை. 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. சிறைவாசத்தில் உடல் நலிந்து முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த நீருக்காக ஊரையே விட்டுக்கொடுத்தது திருவெண்பாக்கம். சுந்தரர் பாடிய தலம் அது. பார்வை இழந்து வந்தவருக்கு இறைவன் ஊன்றுகோல் தந்த இடம் என்பது மரபு. ஊரோடு கோயில் இருந்த இடமும் நீருக்குள் போனது. அந்த ஊன்றீசுவரர் கோயிலைப் பெயர்த்து, பூண்டியில் மீண்டும் எழுப்பி, 1968இல் குடமுழுக்குச் செய்தார்கள். கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு ஒடிந்ததாகச் சொல்லப்படும் கொம்போடு நந்தி அங்கே இருக்கிறது. பிள்ளைகள் அந்தக் கொம்பைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

நீர்த்தேக்கத்தோடு அதே 1944இல் தோன்றியது நீரியல் ஆய்வு நிலையம். சுற்றுலா வரும் மாணவர்கள் நெடுநேரம் நிற்பது இங்கேதான். அணைகளின் சிறிய மாதிரிகள் தரையோடு தரையாக இருக்கும். நீரைத் திறந்துவிட்டால் குட்டி மதகுகள் வழியே பாய்ந்து, கீழே சுழித்து, மணலை அரித்துக் காட்டும். வெள்ளம் ஏன் கரையை உடைக்கிறது என்பதைப் புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. பின்னாளில் தொல்லியல் அகழ்வைப்பகமும் வந்தது. 1863இல் நிலவியலாளர் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது. இதே ஆற்றுப்படுகையில் ஆதிமனிதனும் தண்ணீரை நாடி வாழ்ந்தான் என்பதை மாணவர்கள் அகழ்வைப்பகத்தின் கைக்கோடரிகளைப் பார்த்து அறிகிறார்கள்.

நகரின் குடிநீர்க் கதை பூண்டியோடு முடியவில்லை. 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்தது. 1983இல் தமிழக, ஆந்திர முதல்வர்களான எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கண்ட உடன்பாட்டின் பயனாக, 1996இல் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை எல்லையைத் தொட்டது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று ரயிலில் நீர் கொண்டுவந்தோம். 

பூண்டி 3,231 மில்லியன் கனஅடி கொள்ளும். அங்கிருந்து இணைப்புக் கால்வாய் வழியே சோழவரம், புழல் என்று நீர் நகருக்கு இறங்குகிறது. அந்த வழியிலேயே மாணவர்களை அழைத்துச் செல்வதுதான் சிறந்த சுற்றுலா என்பது நம் கருத்து.

வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கரைக்குப் போகுமுன் ஊன்றீசுவரர் கோயிலில் சற்று நின்று, திருவெண்பாக்கம் எங்கே இருந்தது என்று அவர்களுக்குக் காட்டுங்கள்.