நாற்காலியில் அமர்ந்த கதாசிரியர்

எம்.கே.பி. நகருக்குப் போக வேண்டும் என்றால் வியாசர்பாடியில் சின்னக் குழந்தை கூட வழி சொல்லிவிடும். ஆனால் அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். பஸ் கண்டக்டரே சற்று யோசிப்பார். மகாகவி பாரதியார் நகர்! காணி நிலமும் அதில் ஒரு மாளிகையும் பராசக்தியிடம் கேட்ட கவிஞர், கடைசி வரையில் வாடகை வீட்டிலேயே குடியிருந்து 1921-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் கண்ணை மூடினார். அவர் பெயரால் ஹவுஸிங் போர்டார் நகர் அமைத்தார்கள்; ஜனங்கள் அந்தப் பெயரை மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களாகச் சுருக்கிக்கொண்டார்கள். கவிக்கு வீடு கிடைத்தது, பெயர் போயிற்று.

வீடில்லாதவர்களைப் பற்றி எழுதாத தமிழ்க் கதாசிரியர் அநேகமாக இல்லை. குடிசையும் பாதையோரமும் நமக்கு நல்ல கச்சாப் பொருள். எழுதிச் சன்மானம் வாங்கிக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறோம். நம் தொழில்காரர்களில் ஒருவர் மட்டும் அப்படிப் போகாமல், குடிசைகளை மாற்றும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவர்தான் இராம. அரங்கண்ணல்.

தஞ்சைத் தரணிக்காரர். பத்திரிகையாளர், கதை வசனகர்த்தா. 'பச்சை விளக்கு' (1964) படத் தயாரிப்பில் பங்குகொண்டவர். அண்ணாவின் அணியில் வளர்ந்து, மயிலாப்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். மயிலாப்பூர் என்றதும் கபாலி கோயிலும் காப்பி மணமும்தான் நமக்கு நினைவு வரும். அதே மயிலாப்பூரின் கடலோரத்தில் நொச்சிக்குப்பம் இருக்கிறது என்பது ஓட்டுக் கேட்கப் போகிறவருக்குத் தெரியாமலிருக்க முடியாது. 1970 செப்டம்பரில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, முதலமைச்சர் கருணாநிதி அதன் முதல் தலைவராக அரங்கண்ணலை நியமித்தார். இருவரும் ஒரே கட்சிக்காரர்கள், நண்பர்கள், வசனம் எழுதிப் பிழைத்தவர்கள். ஒரு வசனகர்த்தா மற்றொரு வசனகர்த்தாவிடம் இதை ஒப்படைத்தார் என்று அந்நாளில் கேலி பேசியவர்களும் இருந்திருப்பார்கள். ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்கள் அதற்கு முன் இருபது வருஷங்களில் என்ன கிழித்துவிட்டார்கள் என்று பதிலுக்குக் கேட்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 1956-இல் சென்னையில் 306 சேரிகள் என்று எண்ணினார்கள். 1961-இல் 548 ஆயிற்று. 1971-இல் 1,202, ஏறக்குறைய 1,64,000 குடும்பங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், பின்னி மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர், காசிமேட்டில் மீன் கூடை சுமக்கிற பெண் எல்லோருக்கும் வேலை இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் படுக்க ஓர் இடம் வேண்டும். அன்றாடக் கூலிக்காரனுக்கு பஸ் கட்டணம் என்பது ஒரு வேளைச் சோறு. ஆகவே பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் ஓலைக் குடிசை முளைத்தது. கோடை வந்தால் அது எரியும். மழை வந்தால் மிதக்கும். 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் எடுத்த முதல் காரியங்களில் ஒன்று, தீப்பற்றாத கூரை போட்டுக் கொடுப்பது. அதுவும் தாற்காலிகப் பரிகாரந்தான்.

வாரியத்தின் சங்கற்பம் பெரியது: ஏழு ஆண்டில் சென்னையில் குடிசையே இருக்கக் கூடாது! இதைப் படிக்கும்போது இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் சிரிக்கக் கூடாத ஒன்று அந்தத் திட்டத்தில் இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகிலேயே, மாடி வீடு கட்டுவது. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்குத் துணை நின்றது. சேரி என்று அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து, உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது என்று வாரியம் கொள்கை எழுதி வைத்தது. அந்தச் சிரிப்புக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பும் எழுதி வைத்தது. இரண்டாவதுதான் என் அபிப்பிராயத்தில் மேலான எழுத்து.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும். தண்ணீருக்குக் கீழே இறங்கி வரிசை. கட்டிய பிறகு பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கவில்லை. வலையை உலர்த்த மணல் தேடும் மீனவனுக்கு மூன்றாவது மாடி என்ன சௌகரியம்? அரசியலும் மாறியது. 1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மறு வருஷம் உலக வங்கி வந்தது. மாடி வீடு கட்டுவது கட்டுபடியாகாது, மனையும் சாக்கடையும் குடிநீரும் கொடுத்தால் ஏழை தானே கட்டிக்கொள்வான் என்றார்கள் அதன் நிபுணர்கள். அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும், நம் எம்.கே.பி. நகருக்கு அடுத்த கொடுங்கையூரிலும் மனைகள் பிரித்தார்கள். அதுவும் மோசமான யோசனை என்று சொல்ல மாட்டேன். கொடுங்கையூரிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வர முடியும். 2000-க்குப் பிறகு நடந்ததுதான் வேறு கதை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடிக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏற்றி அனுப்பினார்கள். மதுரையை எரித்தவள் பெயரை, ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் குடியேறிய இடத்துக்கு வைக்கத் தோன்றியவர் யாரோ, அவரும் ஒரு கதாசிரியராக இருக்க வேண்டும்.

அந்தச் சட்டமோ புத்தகத்தில் அப்படியே இருந்தது. 1985-இல் இன்னும் 17 சேரிகளை அறிவித்தார்கள். அதன்பின் பல்லாண்டுகள் வரை ஒன்றுகூட இல்லை. புதிதாகக் குடிசைகள் தோன்றாமல் போய்விடவில்லை, அறிவிப்புத்தான் தோன்றவில்லை. அறிவிக்காத சேரிக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு ஏது?

2021 செப்டம்பரில் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். அதற்கு முந்தின மாதந்தான் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்தது என்று ஊரெல்லாம் பேசியது. அந்த டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் ஒன்று, 24 வீடுகளோடு, இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு பயந்து எல்லோரும் முன்னதாகவே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. பண்டம் பாத்திரம், பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் இடிபாட்டுக்குள். குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாயும் மாற்று வீடும் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தது. மாற்று வீடு என்றதும் வடசென்னைக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊர்ல?" என்பதுதான்.