பில்லி கோட் டாவர்ன்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், வடக்கு மிச்சிகன் அவென்யூ 430ஆம் எண்ணில் உள்ள மதுக்கடை. பீருக்கும் சீஸ்பர்கருக்கும் பேர்போனது. அந்தப் பகுதியில் மிச்சிகன் அவென்யூ இரண்டு அடுக்குச் சாலை. மேலடுக்கில் பளபளக்கும் கடைவீதி, கீழடுக்கில் லாரிகளும் இருட்டும். மேலிருந்து படியிறங்கித்தான் கடைக்குப் போக வேண்டும்.

1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. மறு ஆண்டே, கிரேக்கத்திலிருந்து குடியேறிய வில்லியம் சியானிஸ் என்பவர் மேற்கு மேடிசன் தெருவில், சிகாகோ ஸ்டேடியத்துக்கு எதிரே இருந்த லிங்கன் டாவர்னை 205 டாலருக்கு வாங்கினார். கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது என்றும், முதல் வாரக்கடைசி வியாபாரத்தில் அந்தக் கடனை அடைத்தார் என்றும் கடைக்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். லாரியிலிருந்து விழுந்த ஆடு ஒன்று கடைக்குள் வந்து சேர, அதை வளர்த்தார். தாமும் ஆட்டுத்தாடி வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் கிடாய்க்கு பில்லி கோட் என்று பெயர். அது முதலாளிக்கும் ஒட்டியது, கடைக்கும் ஒட்டியது. 1944இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு எதிரே நடந்தபோது, அக்கட்சியினருக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டினார். கோபத்தோடு வந்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள். பத்திரிகையில் பெயர் வரவழைக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

அந்த வித்தையின் உச்சம் 1945 அக்டோபர் 6. ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் சிகாகோ கப்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கும் பேஸ்பால் உலகத் தொடரின் நான்காவது ஆட்டம். சியானிஸ் தம் ஆட்டோடு போனார். நாற்றம் என்று சொல்லி ஆட்டை வெளியேற்றினார்கள். இனி கப்ஸ் ஜெயிக்காது என்று அவர் சபித்ததாகக் கதை. அதுவரை தொடரில் முன்னணியில் இருந்த கப்ஸ் அன்று தோற்றது. தொடரையும் 3க்கு 4 என்று இழந்தது. அதன்பின் 71 ஆண்டுகள் உலகத் தொடருக்கே தகுதி பெறவில்லை. சாபத்தின் வாசகம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுவதைப் பார்த்தால், தோல்விகள் சேரச் சேரக் கதையும் வளர்ந்தது என்றே தோன்றுகிறது.

1964இல் கடை இன்றைய இடத்துக்கு மாறியது. அதன் உண்மையான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது எனலாம். சாலைக்கு அந்தப் பக்கம் டிரிபியூன் நாளிதழின் கோபுரம், இந்தப் பக்கம் சற்றுத் தள்ளி சன் டைம்ஸ், டெய்லி நியூஸ் நாளிதழ்களின் அலுவலகங்கள். அச்சுக்கோப்பவர், நிருபர், ஆசிரியர் எல்லோரும் வேலை முடிந்து இறங்கிவரும் இடமாயிற்று. பத்தி எழுத்தாளர் மைக் ராய்கோ இக்கடையின் நிரந்தர வாடிக்கையாளர்; தம் பத்திகளில் ஓயாமல் இதைக் குறிப்பிட்டவர். 1970இல் சியானிஸ் இறந்தபின் அவருடைய உறவினர் சாம் சியானிஸ் கடையை நடத்தினார்.

பர்கரில் மர்மம் எதுவும் இல்லை. மாட்டிறைச்சியை மெல்லிய வில்லையாகத் தட்டி, அகன்ற இரும்புக் கல்லில் போட்டு, மேலே சீஸ் துண்டு ஒன்றை வைத்து, கைசர் ரோல் எனும் உருண்டை ரொட்டிக்குள் அடக்கித் தருகிறார்கள். வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி, கடுகுச் சாந்து எல்லாம் நாமே போய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வில்லை மெலிந்திருப்பதால் ஒற்றை வாங்கினால் ரொட்டிதான் வாயில் நிற்கும்; இரட்டை வாங்குவதே புத்திசாலித்தனம். ருசியில் பாதி, கல்லடியில் நிற்பவர் கிரேக்க உச்சரிப்பில் ‘சீஸ்போர்கர்’ என்று கூவுவதில் இருக்கிறது.

அந்தக் கூவலை நாடறியச் செய்தவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள். கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்த டான் நொவெல்லோ எழுதி, ஜான் பெலுஷி நடித்த நகைச்சுவைக் காட்சி 1978 ஜனவரியில் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியில் வந்தது. என்ன கேட்டாலும் சீஸ்பர்கரே கிடைக்கும் கிரேக்க உணவகம் அது. கோக் கேட்டால் இல்லை, பெப்சிதான் என்பார்கள். அதன்பின் சுற்றுலாப் பயணிகள் படியிறங்க ஆரம்பித்தார்கள்.

சாபக் கதையை உடைத்தவரும் இதே கடையின் வாடிக்கையாளர்தான். 1997 மார்ச்சில் வெளிவந்த தம் கடைசிப் பத்தியில், ஆட்டின்மேல் பழி போடாதீர்கள், அணியின் முன்னாள் முதலாளி பி. கே. ரிக்லிதான் காரணம் என்று ராய்கோ எழுதினார். கறுப்பின வீரர்களைச் சேர்க்க அவர் காலம் தாழ்த்தினார். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கியது 1947. கப்ஸ் அணியில் கறுப்பினரான எர்னி பேங்க்ஸ் இறங்கியது 1953. ஆட்டைவிட இந்த விளக்கமே வலுவானது. 2016இல் கப்ஸ் உலகத் தொடரை வென்றது. அந்த ஆண்டு அது இறுதிக்குத் தகுதிபெற்ற அக்டோபர் 22, வில்லியம் சியானிஸ் இறந்த நாள்.

டிரிபியூன் 2018இல் கோபுரத்தைக் காலி செய்தது. அங்கே இப்போது குடியிருப்புகள். பழைய சன் டைம்ஸ் கட்டடம் இருந்த இடத்தில் டிரம்ப் கோபுரம் நிற்கிறது. அடித்தளத்து மதுக்கடை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சியில் சொன்னதற்கு நேர்மாறாக, அங்கே கிடைப்பது கோக், பெப்சி இல்லை.