கிறிஸ்துமஸ் ராத்திரியில் தரை தட்டிய கப்பல்

எங்க சாஃப்ட்வேர் துறையில ஒரு எழுதப்படாத சட்டம் உண்டு. லீவு நாளுக்கு முந்தின சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல கை வைக்காதே. பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியிருப்பாங்க, மீதிப் பேர் அரைத் தூக்கத்துல இருப்பாங்க. அந்த நேரம் பார்த்து ஏதாவது புட்டுக்கும். இன்னைக்குப் பேசப்போறது அப்படி ஒரு ராத்திரியைப் பத்தித்தான். 1492, டிசம்பர் 24.

இடம், இன்றைய ஹைதியின் வடக்குக் கரை. கொலம்பஸ் ஸ்பெயினை விட்டுக் கிளம்பி நாலரை மாசத்துக்கு மேல ஆச்சு. மூணு கப்பல்ல ஒண்ணு, பிந்தா, ஒரு மாசம் முன்னாடியே பிரிஞ்சு தன் வழியில போயிடுச்சு. அதோட கேப்டன் பின்சோன் தங்கம் தேடித் தனியா போயிட்டார்னு கொலம்பஸுக்குச் செம கடுப்பு. மிச்சம் இருந்தது சாந்தா மரியாவும், சின்னக் கப்பலான நீன்யாவும். ஊர்ல எல்லாரும் குளிர்ல நடுங்கிக்கிட்டு நள்ளிரவுப் பூசைக்குப் போற நேரம். இங்க வெப்பமண்டலக் கடல், காத்து சுத்தமா இல்ல, தண்ணி அசையவே இல்ல.

முந்தின நாட்கள்ல அந்தத் தீவோட மக்களான தைனோக்கள் கூட்டம் கூட்டமா கப்பலைப் பார்க்க வந்துட்டே இருந்தாங்க. கொலம்பஸ் ரெண்டு நாளா சரியா தூங்கல. ராத்திரி 11 மணி வாக்குல படுக்கப் போயிட்டார். சுக்கான் பிடிச்சிருந்த மாலுமியும் சுக்கானை ஒரு பையன் கையில கொடுத்துட்டுத் தூங்கிட்டான். சின்னப் பசங்க கையில சுக்கானைக் கொடுக்கக் கூடாதுங்கிறது பயணம் முழுக்க இருந்த உத்தரவு. ஆனா அந்த ராத்திரி கப்பலே தூங்கிக்கிட்டு இருந்தது. நீரோட்டம் கப்பலை மெதுவா இழுத்துட்டுப் போய் மணல்திட்டு மேல உட்கார வெச்சது. சுக்கான் தரையில உரசினதும் கத்தினது அந்தப் பையன்தான்.

கொலம்பஸ் முதல் ஆளா எழுந்து ஓடி வந்தார். கப்பலோட உரிமையாளரும் மாஸ்டருமான ஹுவான் தெ லா கோசாவைக் கூப்பிட்டு, படகுல போய்ப் பின்பக்கம் நங்கூரம் போடு, இழுத்து வெளிய எடுக்கலாம்னார். அவங்க படகுல ஏறி நேரா நீன்யாவுக்குத் துடுப்புப் போட்டாங்களாம். அங்க இருந்தவங்க ஏத்திக்காம திருப்பி அனுப்பிட்டாங்க. இதுக்குள்ள கடல் வத்த ஆரம்பிச்சு, பாய்மரத்தை வெட்டிப் போட்டும் பயனில்லாம, கப்பல் சாய்ஞ்சு பலகை இடுக்கெல்லாம் திறந்துகிச்சு.

இங்க கொஞ்சம் நிக்கணும். இந்தக் கதையெல்லாம் நமக்கு எங்கிருந்து கிடைக்குது? கொலம்பஸோட நாட்குறிப்புலேர்ந்து. அதோட மூலப் பிரதி தொலைஞ்சு போச்சு. லாஸ் காசாஸ்ங்கிற பாதிரியார் சுருக்கி எழுதி வெச்சதுதான் கையில இருக்கு. அதாவது இது ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட், எழுதினவர் டீம் லீடர். பையன், மாலுமி, லா கோசா, எல்லார் மேலயும் பழி இருக்கு. லீடர் தூங்கினதுக்கு மட்டும் நியாயமான காரணம் இருக்கு. அந்தப் பையன் பேர்கூட அதுல இல்ல.

அந்தக் காலையில நிஜமா வேலை செஞ்சவர் குவாக்கனகாரி, அந்தப் பகுதியோட தைனோ தலைவர். செய்தி கேட்டுக் கண்ணீர் விட்டார்னு அதே நாட்குறிப்பு சொல்லுது. தன் ஆட்களையும் ஓடங்களையும் அனுப்பிக் கப்பல்ல இருந்த சாமானை எல்லாம் கரைக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒரு சின்னப் பொருள்கூடக் காணாமப் போகல. யாரோ முன்பின் தெரியாதவங்க கப்பல் உங்க ஊர்க் கரையில உடைஞ்சு கிடக்கு, நீங்க என்ன பண்ணுவீங்க?

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்துது. ரெண்டே நாள்ல கொலம்பஸோட தொனி மாறுது. இது விபத்தே இல்ல, இங்க குடியேறணும்னு கடவுளே காட்டின வழின்னு எழுத ஆரம்பிக்கிறார். பக்‌கை ஃபீச்சர்னு சொல்ற வேலை. மூலக்காரணம் ரொம்ப எளிமையானது: ரெண்டு கப்பல் ஆட்கள் நீன்யாவுல கொள்ள மாட்டாங்க. உடைஞ்ச கப்பலோட மரத்துலேயே ஒரு கோட்டை கட்டி 39 பேரை விட்டுட்டுப் போனார். தச்சர், மருத்துவர், தையல்காரர், பீரங்கிக்காரர் எல்லாரும் அதுல உண்டு. ஒரு வருஷத்துக்கான ரொட்டி, ஒயின், விதைக்கத் தானியம், ஒரு படகு. தலைவர் தியேகோ தெ அரானா. கோட்டைக்குப் பேர் லா நவிதாத். ஸ்பானிஷ்ல நவிதாத்னா கிறிஸ்துமஸ்.

கிளம்புறதுக்கு முன்னாடி, தைனோக்கள் பார்க்கணும்னே, உடைஞ்சு கிடந்த சாந்தா மரியா மேல பீரங்கியால சுடச் சொன்னார். குண்டு கப்பலைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் கடல்ல விழுந்தது. எதிரிகள்கிட்டேர்ந்து உங்களைக் காப்பாத்துவோம்ங்கிற உறுதிமொழி அது, அதே சமயம் மிரட்டலும்தான். 1493 ஜனவரி 4 அன்னைக்கு நீன்யா கிளம்பிடுச்சு.

அதே வருஷம் நவம்பர் கடைசியில 17 கப்பலோட திரும்பி வந்தாங்க. ராத்திரி கோட்டைக்குக் கேக்குற மாதிரி பீரங்கி சுட்டாங்க. பதில் இல்ல, வெளிச்சமும் இல்ல. விடிஞ்சதும் பார்த்தா கோட்டை சாம்பல். 39 பேர்ல ஒருத்தர்கூட உயிரோட இல்ல.

தைனோக்கள் சொன்னது: அவங்க தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கிட்டாங்க, பெண்களைத் தூக்கிட்டுப் போனாங்க, தங்கம் தேடி உள்நாட்டுக்குப் போனாங்க, அங்க கவோனாபோங்கிற இன்னொரு தலைவர் அவங்களைக் கொன்னுட்டு இங்கயும் வந்து கோட்டையை எரிச்சார். குவாக்கனகாரியோட ஊரும் எரிஞ்சு போயிருந்தது. அவர் கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். கூட வந்த டாக்டர் சாங்கா கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு, காயமே தெரியலைன்னு எழுதி வெச்சிருக்கார். இவரைப் பிடிச்சுத் தண்டிக்கணும்னு ஒரு பாதிரியார் சொல்ல, கொலம்பஸ் மறுத்துட்டார். என்னைக் கேட்டா, ஊரே எரிஞ்ச ஒரு மனுஷன், பீரங்கி என்ன செய்யும்னு கண்ணால பார்த்தவர், 17 கப்பலைப் பார்த்ததும் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டார்னா அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

2014-ல சாந்தா மரியாவைக் கண்டுபிடிச்சுட்டோம்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் அறிவிச்சது பெரிய செய்தியாச்சு. யுனெஸ்கோ நிபுணர்கள் போய்ப் பார்த்தாங்க. பலகையை இணைச்சிருந்த உலோகத்தை வெச்சு, இது ரொம்பப் பிந்தின காலத்துக் கப்பல்னு சொல்லிட்டாங்க.

கொலம்பஸ் அந்த இடத்துல மறுபடி கட்டல. கரையோரமா கிழக்கே போய், 1494 ஜனவரியில வேற ஊர் ஒண்ணு ஆரம்பிச்சார். அதுக்கு ராணி பேரை வெச்சு லா இசபெலான்னு கூப்பிட்டாங்க.