கெசாங் ஆற்றங்கரை எல்லை: ஜாசின் வட்டாரப் பூசல்களின் வரலாறு

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களில் கிழக்கே இருப்பது ஜாசின். தெற்கே மலாக்கா நீரிணை, வடக்கே நெகிரி செம்பிலான், கிழக்கே ஜொகூர். ஜொகூருக்கும் ஜாசினுக்கும் நடுவே ஓடும் கெசாங் ஆறு அகலத்தில் பெரியதல்ல. ஆனாலும் யார் ஈயம் தோண்டுவது, யார் வரி வாங்குவது, யார் சுல்தான் என்ற கேள்விகள் கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த ஆற்றையும் இதன் வடக்கே உள்ள மேட்டு நிலங்களையும் சுற்றியே எழுந்தன. அவற்றில் தமிழர்கள் வணிகராகவும் சிப்பாய்களாகவும் வட்டிக்குக் கொடுத்தவர்களாகவும் தோட்டத் தொழிலாளராகவும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

மலாக்காவில் மதமும் வணிகமும் பின்னிக்கிடந்ததற்குப் பழைய சான்று 1511ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசியர் படையெடுப்பு. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த கலிங்க வணிகருக்கும் குஜராத் முஸ்லிம் வணிகருக்கும் துறைமுகத்தில் நெடுநாள் போட்டி இருந்தது. இந்து வணிகரான நைனா சட்டு, 1509இல் இங்கே சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவினார். நகரம் விழுந்தபின் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் அவருக்கு பெண்டஹாரா (தலைமை அமைச்சர்) பதவி கொடுத்தார். 1514இல் அந்தப் பதவி கம்பார் சுல்தானுக்குப் போனதும் நைனா சட்டு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை இந்து–முஸ்லிம் பகையாகச் சுருக்கிச் சொல்வது எளிது, சரியாகாது. 1510 வாக்கில் சுல்தான் மஹ்மூதின் ஆணையால் கொல்லப்பட்ட பெண்டஹாரா துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். தமிழ் வேர் கொண்டவர்கள் அரண்மனைக்குள்ளும் இருந்தார்கள், அதைத் தகர்த்தவர்களின் பக்கமும் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதைச் சமயத்தைவிடச் சரக்கே அதிகமாகத் தீர்மானித்தது.

1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். கோட்டைக்கு வெளியே அவர்களுடைய கை அவ்வளவாக நீளவில்லை. வடமேற்கே, இன்றைய அலோர் காஜா பக்கத்தில், மினாங்கபாவ் வழி மலாய்க்காரர்கள் வாழ்ந்த நானிங், தன் பெங்குலுவின் (தலைவரின்) கீழ்த் தன்பாட்டில் இருந்தது. அங்கே நிலம் தாய்வழியாகப் பெண்களுக்குப் போகும் வழக்கம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், 1765இல் டச்சுக்காரர்கள் ஆண்டுக்கு 400 காந்தாங் (ஒரு முகத்தலளவை) நெல்லோடு திருப்தியடைந்தார்கள். அது வரி என்பதைவிட மரியாதைக்காணிக்கை என்றே சொல்லத்தக்கது.

1824ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையில் டச்சுக்காரர்கள் மலாக்காவை ஆங்கிலேயருக்குக் கொடுத்து, சுமத்ராவின் பென்கூலனை வாங்கிக்கொண்டார்கள். அப்போது நீரிணையின் நடுவே இழுக்கப்பட்ட கோடுதான் பிற்கால மலேசிய–இந்தோனேசிய எல்லைக்கு அடிப்படை. இருபுறமும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே குடும்பங்கள் இருந்தது உடன்படிக்கை எழுதியவர்களின் கணக்கில் வரவில்லை.

புதிதாக வந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் பழைய ஏடுகளைப் புரட்டிப் பத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடித்தார்கள். நில விவகாரங்களைக் கவனித்த லூயிஸ் என்ற அதிகாரி, நானிங் முழுவதும் கம்பெனி நிலம், ஆகவே முழு வரி வேண்டும் என்று வாதாடினார். பெங்குலு டோல் சையிட் மறுத்தார். 1831 ஆகஸ்டில் மதராஸ் சிப்பாய்ப் படையில் ஏறக்குறைய நூற்றைம்பது பேர் அனுப்பப்பட்டார்கள். அண்டை நாடான ரெம்பாவின் வீரர்கள் டோல் சையிட்டுக்குத் துணைவந்தார்கள். காட்டுப்பாதையில் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்ததில் படை தன் பீரங்கிகளை விட்டுவிட்டு மலாக்காவுக்குத் திரும்ப ஓடியது.

மறு ஆண்டு மதராஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படை வந்தது. இம்முறை ரெம்பாவ் தலைவர்களைத் தங்கள் பக்கம் இழுப்பதில்தான் ஆங்கிலேயர் முதலில் முனைந்தார்கள், அது பலித்தது. காட்டை அகலமாக வெட்டிச் சாலை போட்டபடியே படை நகர்ந்ததால் சில மைல் முன்னேற மாதங்கள் பிடித்தன. 1832 ஜூனில் டோல் சையிட்டின் ஊரான தாபோ விழுந்தது. அவர் 1834இல் சரணடைந்து, மாத உதவித்தொகையுடன் மலாக்கா நகரில் குடியமர்த்தப்பட்டு, 1849இல் இறந்தார். போருக்கு ஆன செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் பவுன் என்பார்கள். நானிங்கின் நெல்லில் பத்தில் ஒரு பங்கை எத்தனை தலைமுறை வாங்கினாலும் அந்தப் பணம் திரும்பியிருக்காது. தமிழரும் தெலுங்கரும் கலந்திருந்த அந்த மதராஸ் படைகளுக்கு மலாக்காவின் உள்நாட்டு அறிமுகம் இப்படித்தான் கிடைத்தது: தங்களுக்குச் சம்பந்தமில்லாத நெல்லுக்காக.

போர் முடிந்த கையோடு எல்லை வரையப்பட்டது. 1833இல் ரெம்பாவுடனும் இன்னொரு அண்டை நாடான ஜொகோலுடனும் தனித்தனி ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. குன்று, ஓடை, மடு என்று பெயர்சொல்லி எல்லை குறித்தார்கள். மலாக்காவின் வடவெல்லையும், ஜாசின் மாவட்டத்து வடக்குப் பகுதியின் ஓரமும் பெரிதும் அப்போது உறுதியானவைதான். அதுவரை அந்த மலைப்பக்கத்து மக்களுக்கு எல்லை என்பது எந்தத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பொறுத்தது; இனி அது எந்தக் குன்றுக்கு இந்தப்புறம் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

கிழக்கெல்லையின் கதை இன்னும் சிக்கலானது. அதன் மையத்தில் இருப்பது அரசுரிமை. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரைப் பெறுவதற்காக ஜொகூர் சுல்தானாக ஏற்றுக்கொண்ட ஹுசேன் ஷா, பின்னர் மலாக்காவுக்குக் குடிபெயர்ந்து 1835இல் இறந்தார். அவருடைய மகன் அலி பட்டத்துக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தார். நாட்டை உண்மையில் நடத்தியவர் சிங்கப்பூரில் இருந்த, தெமாங்கோங் என்ற பதவி வகித்த டாயிங் இப்ராஹிம். 1855 மார்ச் 10இல் சிங்கப்பூரில் இருவருக்கும் உடன்பாடு எழுதப்பட்டது. அலிக்கு சுல்தான் பட்டம், 5,000 ஸ்பானிய டாலர், மாதம் 500 டாலர். ஜொகூர் ஆட்சி தெமாங்கோங்குக்கு. கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி மட்டும் அலியிடமே இருக்கும். அதை அவர் விற்க நினைத்தால் முதலில் கம்பெனியிடமும் பிறகு தெமாங்கோங்கிடமும் கேட்க வேண்டும்.

பட்டத்துக்கு ஏற்ற வருமானம் அலிக்கு இல்லை. அதே காலத்தில் ஆற்றின் மலாக்காப் பக்கத்தில் சீனர்கள் ஈயச் சுரங்கங்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் லேடாங் மலை, பொன் விளையும் மலையென்று பெயர் பெற்றது. கையில் நிலம் இருந்தும் அதைப் பணமாக்க வகையற்ற சுல்தான் கடன் வாங்கினார். கொடுத்தவர்களில் ஒருவர் காவன்னா சானா செல்லப்பா என்ற இந்திய லேவாதேவிக்காரர்; விலாசம் போடும் முறையே அவர் எந்த ஊர்ப்பக்கத்து மரபைச் சேர்ந்தவர் என்று காட்டிக்கொடுக்கிறது. கடன் தவணைப்படி வராததால் 1866இல் அவர் ஆளுநருக்கு மனுக் கொடுத்தார். கடனுக்கு ஈடாக மூவார் நிலமே கைமாறும் நிலை வந்தது. ஒரு நாட்டின் எல்லை ஒரு வட்டிக்கடைக் கணக்குப் புத்தகத்தைச் சார்ந்து நின்ற காலம் அது.

அலி 1877இல் இறந்தார். ஜாசின் மாவட்டத்துக் கடலோர ஊரான உம்பாயில் அவருடைய கல்லறை இருக்கிறது. தம் ராஜ்யத்துக்கு வெளியே, ஆங்கிலேயர் மண்ணில் அடக்கமான சுல்தான். அவர் கண்மூடியதும் கெசாங்–மூவார் பகுதியை, உள்ளூர்த் தலைவர்களின் விருப்பம் என்ற பெயரில், தெமாங்கோங்கின் மகனான ஜொகூர் மகாராஜா அபு பக்காரிடம் ஆங்கிலேய நிர்வாகம் ஒப்படைத்தது. அலியின் மகன் துங்கு ஆலம் இதை ஏற்கவில்லை. 1879இல் ஜெமெந்தாவில் மூண்ட கலகம் விரைவில் அடக்கப்பட்டது. இருதரப்பும் மலாய் முஸ்லிம்கள்தான். அன்றிலிருந்து கெசாங், இரண்டு ஆட்சிகளின் நிரந்தர எல்லையாயிற்று.

ஈயத்துக்குப்பின் மரவள்ளி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சீன முதலாளிகள் ஜாசின் காடுகளை அழித்து மரவள்ளி நட்டார்கள்; மண் சத்தற்றுப் போனதும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். 1898இல் ஜாசினின் புக்கிட் அசகானில் பெரிய அளவில் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது ஒரு லண்டன் கம்பெனிக்குக் கைமாறியது. அசகான், மெர்லிமாவ், கெசாங், சின் சின் பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து, கங்காணி மூலம். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை அது ஓடியது. லயங்களோடு கோயில்களும் எழுந்தன. கோயில் நின்ற மண் கம்பெனியின் மண். அந்தச் சிறு விவரத்தைத் தோட்டம் விற்கப்படும் நாள்வரை யாரும் கிளறவில்லை.

ஜப்பானியருக்கும் ரப்பர், ஈயம், எண்ணெய் ஆகியவைதான் தென்கிழக்காசியாவின் கவர்ச்சி. 1942 ஜனவரி நடுவில் அவர்கள் மலாக்காவைக் கடந்து மூவார் ஆற்றை அடைந்தார்கள். அங்கே 45ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு நொறுங்கியது. பிறகு தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. திரும்பாதவர்களே மிகுதி என்று சொல்லும் குடும்பங்கள் பல. 1945இல் ஜப்பானியர் தோல்வியை ஒட்டி ஜொகூரின் மூவார், பத்து பகாட் பக்கங்களில் மலாய்–சீனர் கலவரம் வெடித்தது. கியாய் சாலே போன்றோர் ஓதலும் தாயத்துமாகப் படை திரட்டினார்கள். மதம் இங்கே வெளிப்படையாகவே ஆயுதமாயிற்று. ஆயினும் பொறி, ஜப்பானியரை எதிர்த்த கொரில்லாக்கள் தங்கள் கைக்கு வந்த ஊர்களில் நடத்திய தண்டனைகளிலிருந்துதான் கிளம்பியது.

1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. காட்டோரச் சீனக் குடியிருப்புகள் முள்வேலிப் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. தோட்டங்களில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. 1953 செப்டம்பர் 3இல், கட்டுப்பாடு நீக்கப்பட்ட மலாயாவின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது மலாக்காவின் கடலோரம்தான்.

1964இல் அதே கடலோரத்துக்கு மீண்டும் போர் வந்தது. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ நடத்திய மோதலின்போது, அக்டோபர் 29இல், 52 இந்தோனேசிய வீரர்கள் கெசாங் ஆற்று முகத்துவாரத்தில் இறங்கினார்கள். தெரெண்டாக் முகாமிலிருந்து வந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் பெரும்பாலோரைப் பிடித்தன. 1824இல் இழுத்த கோட்டின் இருபுறமும் ஒரே மதத்தவர் நின்றது அந்தப் படகுகளைத் தடுக்கவில்லை. 1966 ஆகஸ்டில் சமாதானம் ஆயிற்று.

தோட்டத் தமிழரைத் தொட்ட எல்லை துப்பாக்கியோடு வரவில்லை. அடையாள அட்டையாக வந்தது. 1950களிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதற்கு எதிராக வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களை வாங்கித் தொழிலாளரைக் காத்தது. அடுத்த அடி 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாத, சிவப்பு அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை உரிமம் வேண்டும் என்றானது. நாடெங்கும் ஏறக்குறைய 60,000 இந்தியர்கள், பெரும்பாலும் தோட்டத்தவர், 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகம் திரும்பினார்கள். அவர்களில் பலர் அங்கே பிறந்தவர்களல்லர். பின்னாளில் ரப்பர் செம்பனையாகவும் வீட்டுமனைகளாகவும் மாறியபோது, பட்டா இல்லாத தோட்டக் கோயில்களின் நிலமும் தகராறுக்குள்ளானது. அங்கு மதம் முன்னே நின்றாலும், கேள்வி நில உரிமையைப் பற்றியது.

கெசாங் எல்லை தாண்டி இப்போது பேரம் நடப்பது தண்ணீருக்கு. 1991இல் துரியான் துங்கல் அணை வற்றி மலாக்காவே குழாயடியில் காத்துக் கிடந்தது. பின்னர் ஜாசின் மாவட்டத்தில் ஜுஸ் அணை கட்டப்பட்டது. அதுவும் போதாமல், மூவார் ஆற்றின் சுத்திகரிக்கப்படாத நீரை ஜொகூரிடமிருந்து மலாக்கா விலைக்கு வாங்குகிறது. ஒருகாலத்தில் சுல்தான் அலிக்கு மிச்சம் வைத்த ஆற்றின் நீர், இன்று இரு மாநில அரசுகளுக்கிடையே கட்டணம் பேசும் விவகாரமாக இருக்கிறது.