போன்ல 5ஜி... மொட்டைமாடி வெள்ளரிக்கு 3ஜி!

கோபாலபுரம்வாசிகளுக்குப் பச்சைப்பசேல்னு பார்க்கணும்னா, 2010-ல் திறந்த செம்மொழிப் பூங்கா பக்கத்துலயே இருக்கு. ஆனா, அபார்ட்மென்ட்ல சொந்தமா செடி வளர்க்க மொட்டைமாடிதான் ஒரே வழி. ஒரு குரோ பேக், நல்ல வெயில் இருந்தா வெள்ளரி ஈஸியா வளர்ந்துடும். சிக்கல் அதுக்கப்புறம்தான். கொடி படரும், மஞ்சள் மஞ்சளா பூக்கும்... பிஞ்சு மட்டும் கண்ணுலயே படாது. காரணம் என்ன?

பூவைக் கவனிங்க

பூவுக்குப் பின்னாடி குட்டி வெள்ளரி மாதிரி இருந்தா அது பெண் பூ. வெறும் காம்பு மட்டும்னா ஆண் பூ. நாட்டு ரகங்களோட தாய்க்கொடியில் ஆண் பூக்களே அதிகம். பெண் பூக்கள் பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான் வரும். அதனாலதான் கவாத்து!

அது என்ன 3ஜி கட்டிங்?

தாய்க்கொடிதான் முதல் தலைமுறை. அடியில் இருக்கும் நாலு கணுவில் வரும் கிளைகளையும் பூக்களையும் கிள்ளிடுங்க. காற்றோட்டம் கிடைக்கும், சாம்பல் நோயும் குறையும். கொடியில் பத்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்க. இப்போ பக்கக் கிளைகள் கிளம்பும். அது இரண்டாம் தலைமுறை. திடமான மூணு, நாலு கிளைகளை மட்டும் விட்டு, அதிலும் ஏழெட்டு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினா மூணாவது தலைமுறை ரெடி. பெண் பூக்கள் இங்கே அதிகமா வரும்.

பாக்கெட்டைப் படிங்க

பசுமைக்குடிலுக்கான வீரிய ஒட்டு ரகங்கள் சிலதுல, தாய்க்கொடியின் கணுவுக்குக் கணு பெண் பூ வரும். அதுக்கு 3ஜி செஞ்சா நஷ்டம் உங்களுக்குத்தான். அங்கே நுனியை விட்டுட்டு, பக்கக் கிளைகளைத்தான் எடுக்கணும். அந்த வீடியோவைப் பார்த்து நாட்டு வெள்ளரியில கத்தரி வெச்சா, மிஞ்சுறது ஆண் பூ மட்டும்தான்.

கொடியை ஏத்துங்க

ஆறடி உயரத்துக்கு நைலான் வலை கட்டுங்க. கொடியைச் சணல் கயிறால் லூஸா, எட்டு வடிவத்துல கட்டினா தண்டு நெரியாது. கடற்காற்று வேகமா அடிக்கிற மாடின்னா வலையை நல்லா இறுக்கிக் கட்டணும்.

மறக்காதீங்க

* காலையில், சுத்தமான கத்தரியால் வெட்டுங்க. ஈரமான செடியைத் தொடாதீங்க.
* ஒரே நாளில் மொட்டை அடிக்காதீங்க. இலைகள்தான் செடிக்குச் சமையலறை!
* தேனீ வரலையா? காலையில் ஆண் பூவைப் பறிச்சு, பெண் பூவின் நடுவில் மெதுவா தடவுங்க.
* வெயில் காலத்துல மண் காய விடாதீங்க. காய்ஞ்சா காய் கசக்கும்.
* ரெண்டு நாளைக்கு ஒருமுறை பிஞ்சாவே பறிங்க. முத்த விட்டா அடுத்த காய்ப்பு குறையும்.

விதைச்சு ஐம்பது நாள் பக்கத்துல முதல் பிஞ்சு கைக்கு வந்துடும். உப்பும் மிளகாய்த்தூளும் ரெடியா வெச்சுக்கோங்க!